குகைக்குப் போன துணிக் கிளிப்புகள்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் கிழவருடைய பெரிய வயிற்றெரிச்சல். போனில் எவனாவது காட்டிவிட்டால் போதும், பூனை பறந்தது என்றாலும் வாயைப் பிளந்து நம்பிவிடுகிறார்கள். அவர் பாதி ஆயுளை வெல்டிங் பட்டறையில் கழித்தவர். பற்ற வைத்த இடத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டாமல் எதையும் நம்பியதில்லை. கட்டிய மனைவி சொன்னதையும் சேர்த்துத்தான்.

மனைவி சொன்னது சின்ன விஷயமில்லை. மலைக்குள் கிடக்கும் குகைத் தண்ணீரில் முதன்முதலாக மூழ்கிப் போனவள் அவள். காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டும் இரும்புச் சட்டத்தை இவர்தான் திட்டிக்கொண்டே செய்து கொடுத்தார். குகை தங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குவாரிக் குட்டையில் வந்து முடிகிறது என்று அன்றைக்கே அடித்துச் சொன்னாள். ஆனால் கடைசி வரை போகவில்லை. காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தால் எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும் என்பது அவள் சட்டம், திரும்பிவிட்டாள். ஊர் சிரித்தது. இவர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். பிறகு காது கெட்டுப்போய், டாக்டர் தண்ணீருக்கே தடை போட்டார்.

இன்றைக்கு அவளிடம் கற்ற இருவர், அவள் விட்ட இடத்திலிருந்து தொடரப் போயிருந்தார்கள். ஒருத்தி பஸ் டிரைவர். காலை அகட்டி நடப்பதால் பெயர் வாத்து. கூடப் போனவன் வாத்தின் புருஷன். குட்டையில் அவர்கள் தலை தெரிந்தால் கிழவி சொன்னது மெய். இல்லையென்றால் சாகிற வரை அவள் புளுகிதான்.

கரையில் இரண்டு மடக்கு நாற்காலிகள்.

"கண்ணு பூத்துப் போச்சு. வா, போய்த் துணியாவது காயப் போடலாம்" என்றார் கிழவர்.

"கிளிப் இல்லாம எப்படிக் காயப் போடுவீங்களாம்?"

அது பழைய சண்டை. குகைக்குள் சேறு கலங்கினால் டார்ச் இருந்தும் குருடுதான்; கயிற்றைத் தடவித்தான் வர வேண்டும். கயிறு பிரிகிற இடத்தில், வாசலுக்குப் போகும் கயிறு எதுவென்று கைக்குத் தெரிய, துணிக் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டுப் போவாள். வீட்டுக் கிளிப்பெல்லாம் அப்படிப் போய்த்தான், கிழவரின் சட்டைகள் பக்கத்து வீட்டு நாயின் மேல் பறந்து விழுந்தன.

வாய் சிரித்தாலும் கிழவியின் கை கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தது. கிழவர் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குக் கூப்பிடவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார்.

"அக்கா! வந்துட்டோம்கா!"

திடுக்கிட்டு விழித்தால், குட்டை நடுவில் இரண்டு தலைகள். வாத்து கையைத் தூக்கி ஆட்டினாள். "நீங்க கடைசியா மாட்டின கிளிப்லேர்ந்து இங்க வரைக்கும் ஒரே பாதை! அங்க என்னோடதை மாட்டிட்டு இதை எடுத்துட்டு வந்தேன்."

கரையேறி அவள் நீட்டியது, உடைந்த காலில் செம்புக் கம்பி சுற்றிய நீலக் கிளிப். கிழவி சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இப்பவாவது நம்புறீங்களா?"

கிழவர் கிளிப்பை வாங்கி அழுத்திப் பார்த்தார். "கம்பி நான் சுத்தினதுதான். அதுல சந்தேகமில்ல."

"அப்போ குகை?"

"நான் கண்ணசந்தப்போ இந்தப் பக்கமா வந்து குட்டையில இறங்கியிருப்பாங்க."

"மாமா, உங்க குறட்டை தண்ணிக்கடியிலயே கேட்டுச்சு" என்றான் வாத்தின் புருஷன்.

"நான் குறட்டையே விடமாட்டேன். பாத்தியா, வாயைத் திறந்தா பொய்!"

நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வீட்டில் ஈரத் துணி காத்திருந்தது. "ஒண்ணு வந்துடுச்சு. மிச்சத்தை எவன் கொண்டு வருவான்?" என்று முணுமுணுத்து, தலையை ஆட்டியபடியே நடந்தார்.