அறுபது டிகிரிக் குப்பி

அறுபது டிகிரிக் குப்பி சிவந்திருக்கவே கூடாது. புற ஊதா விளக்கின் கீழே அது பாட்டுக்குக் கண்ணைப் பறிக்கிற சிவப்பில் நின்றது. மூன்று மாதத்தில் நான் செய்த எதுவும் இவ்வளவு அழகாக ஒளிர்ந்ததில்லை.

வேலை என்னவோ எளிதுதான். மாட்டு ரத்தத்துப் புரதக் கரைசலில் தங்க உப்பை ஊற்றி, காரம் சேர்த்து, சூட்டில் வைத்தால், ஒருசில அணுக்களே சேர்ந்த தங்கக் கொத்துகளைப் புரதம் பொத்திப் பிடித்துக்கொள்ளும், விளக்கில் சிவக்கும். சூடு ஏற ஏற அந்த ஒளி மங்கும் என்பது என் கண்டுபிடிப்பு. இருபத்தைந்தில் தொடங்கி அறுபது வரை வாரக்கணக்கில் வரிசையாகச் செய்து, கட்டுரையும் எழுதியாகிவிட்டது. இன்று மாலை அனுப்ப வேண்டும். அது போனால் பட்டம்; பட்டம் வந்தால் அம்மா வீட்டில் விட்டிருக்கும் மகளைக் கூட்டிவந்துவிடலாம். படம் தெளிவில்லை, அறுபதை மட்டும் இன்னொரு தரம் செய் என்றார் பேராசிரியர். செய்தேன். கார பாட்டில் அடிமட்டத்துக்கு வந்திருந்ததால் புதிதாகக் கரைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? பழைய கார மிச்சத்தை ஊற்றி ஒரு கலவை போட்டு, பிஹெச் மீட்டரை நனைத்தேன். பன்னிரண்டைத் தொட வேண்டியது பத்தோடு நின்றுவிட்டது. திறந்து திறந்து மூடியதில் காற்றுப் பட்டு, காரம் வாரா வாரம் வீரியம் இழந்திருக்கிறது; ஒளி மங்கியதும் அதனால்தான். மகாராணி நானோ சூட்டின் மேல் பழியைப் போட்டு, அதற்கு வரைபடமும் போட்டிருக்கிறேன்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"பழைய போட்டோவையே அனுப்பிடுடி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"பாப்பாவ நெனச்சுப் பாத்தியா?"

அவளை அறையலாம் போலிருந்தது. அதைத்தானே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே போய் அம்மாவைக் கூப்பிட்டேன். "இன்னும் மூணு மாசம் ஆகும்மா. அவகிட்ட நானே சொல்றேன், போனக் குடு." சொன்னேன். அவள் அழுதாள். நானும்தான். ஆனால் இனி மனசு மாற வழியில்லை. மூக்கைச் சிந்திவிட்டு வந்து, புதுக் காரத்தில் இருபத்தைந்து டிகிரிக் குப்பியை வைத்த பிறகுதான் பேராசிரியரை அழைத்தேன்.

"சார், கொஞ்சம் வாங்க. லைட்டப் போட்டுடாதீங்க."

இருட்டுக்குள் வந்து குனிந்து பார்த்தார்.

"அடடே, பிரமாதமா வந்திருக்கேம்மா!"

"இது அறுபது சார்."

அவர் நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் சிவப்பு விழுந்திருக்க, உதட்டில் அந்தச் சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் இன்னும் நின்றுகொண்டிருந்தது.