பொங்கலில் ஒரு கல்

"தாத்தா, நீங்க பாடும்போது வாய்க்குள்ள யாரு விசில் ஊதறாங்க?"

மார்கழி இரண்டாம் நாள் விடியலில், கருங்குழிப் பெருமாள் கோயில் பொங்கல் வரிசையில் நின்றபடி அனு தாமோதரனிடம் கேட்ட கேள்வி அது. தர்மகர்த்தா சதாசிவத்தின் பேத்தி, ஐந்து வயது. வரிசை முழுவதும் சிரித்தது. தாமோதரனும் சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் முன்பல்லில் பாதியைக் காணோம். உதடு தானாக மூடிக்கொண்டது.

பல் உடைந்தது அதற்கு முந்தின நாள். பாசுரம் பாடி முடித்து, பொங்கலை வாங்கி வாயில் போட்டதும் 'கடக்'கென்றது. கல். வேறு யாராக இருந்தாலும் துப்பியிருப்பார்கள். தாமோதரன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரசாதத்தைத் துப்பும் பழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. கண்ணை மூடி, 'பெருமாளே' என்று விழுங்கிவிட்டார். கல்லோடு பல் துண்டும் போயிற்று.

சதாசிவம் பார்த்துவிட்டார். "என்ன சார் பல்லுல? பொங்கல்ல கல்லா? சொல்லுங்க. அரிசி பொறுக்கறது ரேணுகா. ஏற்கெனவே ரெண்டு பேர் கல்லுன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை வந்தா ஆளை மாத்திடறதா இருக்கேன்."

"சேச்சே, கல் இல்லை. வீட்டுப் படியில வழுக்கிட்டேன்."

சன்னதிக்கு நேர் எதிரே நின்று சொன்ன பொய். பெருமாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ரேணுகாவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வராது. நான்கு வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்றேழாம் வருட மார்கழியில், அவர் மனைவி சகுந்தலா படுத்த படுக்கையாக இருந்தாள். அதுவரை கோயிலில் இருவரும் சேர்ந்துதான் பாடுவார்கள். அவள் எடுத்துக் கொடுப்பாள், அவர் பின்னால் போவார். "நீங்களாவது போய்ப் பாடுங்க, நான் இங்கேருந்து கேக்கறேன்" என்றாள். அவளைத் தனியே விட்டு எப்படிப் போவது? யாரும் கூப்பிடாமலே ரேணுகா வந்தாள். மார்கழி முடியும்வரை தினமும் இருட்டோடு வந்து சகுந்தலாவின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டாள். கோயில் ஒலிபெருக்கி அவர்கள் தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. "அம்மாவும் கூடவே வாய அசைச்சுகினு கீது சார்" என்று ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போவாள். ஒரு வாய்க் காப்பிக்குமேல் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. தை பிறந்த ஏழாம் நாள் சகுந்தலா போய்ச் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து தாமோதரன் பாடுவதெல்லாம் அந்தத் தெருவைப் பார்த்துத்தான். வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் சகுந்தலா பக்கத்தில் உதடசைப்பது போல் இருக்கும். அதற்காகவே மற்ற மாதங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவர் கோயிலுக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் கேசட் போட்டார்கள். அவர் சகுந்தலாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தார். யாரோ ஒரு வித்வான் தப்பில்லாமல் பாடினார். ஜன்னல் வழியாகக் குரல் இவ்வளவு தெளிவாக வந்து விழும் என்று அவருக்குத் தெரியாது. அவர் எப்போதும் பாடுகிற பக்கத்தில் இருந்தவர்தானே. இப்படித்தான் கேட்டிருப்பாள், இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, மூச்சு இழுக்க இழுக்க. அவர் கூடவே வாயசைத்துப் பார்த்தார். தன்னோடு வாயசைப்பது யாரென்று வித்வானுக்குத் தெரியுமா, என்ன?

விடிந்ததும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பல் டாக்டர் சியாமளா. சின்ன வயசு. விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தாள்.

"உடைஞ்ச துண்டு எங்க சார்? பால்ல போட்டுக் கொண்டுவந்திருந்தா அதையே ஒட்டிப் பாத்திருப்பேன்."

"முழுங்கிட்டேன்மா."

"முழுங்கிட்டீங்களா! ஏன் சார்?"

"பிரசாதத்தோட வாயில இருந்துது."

அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "பல்லையே பெருமாளுக்குக் குடுத்துட்டீங்க. சரி, நான் வேற செஞ்சு குடுக்கறேன். சீக்கிரம் வேணுமா?"

"நாளைக்கு விடியக்காலம் பாடணும்."

பல் நிறத்தில் பசை போல ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தாள். தேய்த்து, கண்ணாடி காட்டினாள். பாதகமில்லை என்பதாகத் தலையாட்டினார்.

"கண்ணாடி இருக்கட்டும். பாடிக் காட்டுங்க."

"இங்கேயா?"

"விசில் வருதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நாற்காலியில் சாய்ந்தபடியே இரண்டு வரி பாடினார். விசில் வந்தது. அவள் ஓரத்தை இன்னும் சற்றுத் தேய்த்தாள். மறுபடி பாடினார். மூன்றாம் முறை சுத்தமாக வந்தது. வெளியே காத்திருந்தவர்களில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதால ஒரு வாரத்துக்கு முறுக்கு கடிக்காதீங்க. கல்லு கடிக்கவே கடிக்காதீங்க" என்றாள் சியாமளா.

மறுநாள் அவர் பாடினார். பாதிப் பாசுரத்தில் பக்கத்தில் மெல்ல உதடுகள் அசைந்தன. திரும்பிப் பார்க்காமல் பாடி முடித்தார்.

பிற்பகல் கோயில் பக்கம் போனபோது, முன் மண்டபத்தில் ரேணுகா மறுநாள் பொங்கலுக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறம் கிட்டத்தட்ட மூக்கைத் தொட்டது.

"இன்னா சார், நேத்து டேப்பு போட்டுட்டாங்கோ? பெருமாளாண்ட கோவமா?"

"பல்லு உடைஞ்சுது ரேணுகா. படியில வழுக்கி."

"பாத்து நடக்கக் கூடாதா? அம்மா இருந்தா இந்நேரம் உங்கள ஒரு வழி பண்ணியிருக்கும்."

அவர் சிரித்தார். "உன் கண்ணுக்கு என்ன?"

"புகை மூட்டமாட்டம் கீது. தை மாசம் கண்ணாஸ்பத்திரிக்காரங்க முகாம் போடறாங்களாம். பொரையக் கிழிச்சு எடுத்துருவாங்களாம்." குரலைத் தாழ்த்தினாள். "தர்மகர்த்தாகிட்ட சொல்லிடாதீங்க சார். இந்த முறம்தான் எனக்கு எல்லாம். இத்தினி வருசத்துல ஒரு கல்லு போனதில்ல, தெரியுமா?"

"தெரியும்" என்றார் தாமோதரன்.

அவள் அரிசியைக் கூடையில் கொட்டி, துணி போட்டு மூடி, மடைப்பள்ளி வாசலில் வைத்துவிட்டுத் தடவித் தடவிப் படியிறங்கிப் போனாள். மடைப்பள்ளிக்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நடை சாத்தியிருந்தது. மண்டபத்தில் ஈ காக்கை இல்லை.

தாமோதரன் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கை கழுவினார். துணியை விலக்கி, அவள் தூணில் சாத்தி வைத்த முறத்தை எடுத்து, ஒரு பிடி அரிசியைப் பரப்பினார். பழக்கமில்லாத விரல்கள். முதல் கல் அகப்படவே வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் இன்னொன்று. தை வரைக்கும் தினமும் இதே நேரம் வந்துவிட்டால் போயிற்று.

கூடை முழுவதும் ஆனதும், துணியை அவள் மூடியிருந்த மாதிரியே மூடினார். முறத்தையும் அதே தூணில், அதே பக்கமாகச் சாத்தினார். கற்களைச் செம்பருத்திச் செடியடியில் போட்டுவிட்டு, செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தெருவில் இறங்கினார்.