மந்திரி வைத்த பெயர்

ஒரே கட்டிலில் ரெண்டு செங்குட்டுவன். லீவு முடிந்து அப்போதுதான் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்த நர்ஸ் நீலாயதாட்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். நுழைந்ததுமே இந்த வயிற்றெரிச்சல்.

ஒரே ஊர், ஒரே வயது, ஒரே இருமல். தேர்தலில் ஜெயித்த ஜோரில் அந்த ஊருக்கு வந்த மந்திரி, மேடையில் நீட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்தாராம். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதோ என்னவோ, வரிசையாக வந்த ரெண்டுக்கும் அதே பெயர். சோழ நாட்டில் மேடை போட்டுக்கொண்டு ஒரு சோழன் பெயர்கூடவா அகப்படவில்லை அந்த மனுஷனுக்கு?

கட்டில் கம்பியில் ரெண்டு சீட்டுகள் ஒன்றாகத் தொங்கின. ஒன்றில் ம. செங்குட்டுவன், மற்றதில் செ. செங்குட்டுவன். ம.வுக்கு வெறும் சளிக்காய்ச்சல். செ.வுக்கு இதயத்தில் கோளாறு, சொட்டு மருந்து உடனே கொடுக்க வேண்டும். தேவைப்படாத பிள்ளைக்குப் போனால் அதே சொட்டு நெஞ்சை நிறுத்திவிடும். எந்தப் பிள்ளை எந்தச் சீட்டு என்று கேட்கவும் ஆளில்லை. காலை நர்ஸ் வீட்டுக்குப் போயாயிற்று. டாக்டர் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய்விட்டார். போகுமுன் தாய்மாரிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்தான் யாரிடமும் வாய் திறக்கமாட்டாரே.

ஒரு தாய் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். கட்டிலோரம் இருந்தவள் அம்சவல்லி.

"எதும்மா உன் புள்ள?"

"சன்னல் பக்கம் படுத்திருக்கானே, அவன்தாங்க."

"அப்பா பேரு?"

கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள் நீலாயதாட்சி. இந்த வார்டில் இதைவிட வீண் கேள்வி கிடையாது. புருஷன் பெயரை எவள் சொல்கிறாள்? ஒருத்தி கோயில் கோபுரத்தைக் காட்டுவாள், ஒருத்தி 'திருப்பதி சாமி பேருங்க' என்பாள், ஒருத்தி நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சிரிப்பாள்.

அம்சவல்லி வாசலைப் பார்த்தாள். அங்கே பெஞ்சில் ஏட்டு தியாகராசன். அறுப்புக் கூலித் தகராறில் மிராசுதாரின் வைக்கோல் போர் எரிந்ததிலிருந்து இவர்கள் ஊர் ஆம்பளைகள் சிலரைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

"செல்லதுரைங்க," என்றாள் பட்டென்று.

அப்பாடா, செ. நீலாயதாட்சி மருந்தை எடுத்து சன்னலோரப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை சமர்த்தாக வாயைத் திறந்தது. அவள் கை அப்படியே நின்றது.

பட்டென்று சொல்லிவிட்டாளே! இத்தனை வருஷ சர்வீஸில் புருஷன் பெயரை இப்படித் தேங்காய் உடைத்தாற்போலச் சொன்ன ஒருத்தியை அவள் கண்டதில்லை. அடுத்தவள் புருஷன் பெயரென்றால்தான் இவ்வளவு சுலபமாக வரும்.

குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "இந்தாம்மா, இது நெஞ்சு மருந்து. புள்ள மாறிப் போச்சுன்னா இவன் எந்திரிக்கவே மாட்டான். நெசமாச் சொல்லு, செல்லதுரையா உன் வீட்டுக்காரரு?"

அம்சவல்லி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். ஏட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நர்ஸின் காதோடு சொன்னாள்.

"மருதையன்."

சற்றுமுன் நீலாயதாட்சி வார்டுக்குள் வரும்போது ஏட்டு வாசலில் மறித்து, 'மருதையன்னு ஒருத்தன் பொண்டாட்டி உள்ள இருக்காளா' என்று கேட்டது இதே பெயரைத்தான். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் பிள்ளை போயிருக்கும். அந்தப் பயம் அத்தனையும் அவளுக்குக் கோபமாகத் திரண்டு வந்தது. மந்திரி மேல், டாக்டர் மேல், எதிரே வந்து நிற்கும் இந்தக் காக்கிச் சட்டை மேல்.

"என்ன பேரு சொல்லுது சிஸ்டர்?" என்றார் ஏட்டு.

"செங்குட்டுவன்," என்றாள் வார்டுக்கே கேட்கும்படி. "மந்திரி வச்ச பேரு. இதோ, இவனும் செங்குட்டுவன். சந்தேகம் இருந்தா மந்திரியையே போய்க் கேளுங்க. இப்ப வழிய விடுங்க, மருந்து குடுக்கணும்."

ஏட்டு விலகி நின்றார். அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், மற்ற செங்குட்டுவனின் வாயைத் திறந்தாள்.