வெறும் வண்டியின் எடை

பழைய இரும்புக் கிடங்கின் வாசலில் ஓர் எடைமேடை உண்டு. அதில் இருபத்திரண்டு வருடமாக எடை போடுகிறவரை லாரி ஓட்டுநர்கள் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். வேலை என்னவோ எளிமையானது. சரக்கோடு வரும் வண்டியை மேடையில் ஏற்றி எடை பார்க்க வேண்டும். சரக்கை இறக்கிவிட்டு வந்ததும் வெறும் வண்டியை இன்னொரு முறை ஏற்ற வேண்டும். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் சரக்கு. சீட்டில் அதுதான் கொட்டை எழுத்தில் விழும். வண்டியின் எடை யாருக்கு வேண்டும், அது எப்போதும் இருப்பதுதானே என்பது அவர் கட்சி.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில், லாரியின் பக்கவாட்டு ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. வலி மட்டும், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த உறவுக்காரர் மாதிரி, அங்கேயே தங்கிவிட்டது. இடுப்பில் தொடங்கி இடதுகால் கட்டைவிரல் வரை இறங்கும். பார்க்காத வைத்தியம் இல்லை, கட்டாத பெல்ட் இல்லை. கடைசியில் மருத்துவமனையின் வலிப் பிரிவில் அவருடைய போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள்.

காலையும் மாலையும் அது 'டிங்' என்று கூப்பிட்டு, இப்போது வலி எவ்வளவு என்று கேட்கும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். அதைப் பார்த்து அன்றைய நடையையும் பயிற்சியையும் அதுவே தீர்மானிக்கும். ஆறு வாரம் கழித்து நர்ஸ் பேசுவார். வலி அடங்காதவர்களை மருத்துவரே நேரில் பார்ப்பார். அடங்கியவர்களின் கோப்பை மூடிவிட்டு, காத்திருக்கும் வேறொருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை மூடினால் மறுபடி வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். அந்த வரிசை இரண்டு வருட நீளம்.

எண்ணைக் கேட்கிற கருவி என்றால் நம் ஆளுக்கு உயிர். முதல் நாளே சம்மணம் போடாத குறையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, யோசித்து, இரண்டு என்று தொட்டார். மறுநாளும் இரண்டு. மழை பெய்த அன்று மூன்று. பொய் சொல்கிற ஜாதி இல்லை அவர். எப்போதும் இருக்கிற வலியைக் கழித்துவிட்டு, அன்றைக்குக் கூடுதலாக ஏறியதை மட்டும் நியாயமாகப் போட்டார். வேறு எப்படிப் போடுவது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

செயலிக்கு ஒரே குஷி. நல்ல முன்னேற்றம் என்று பாராட்டி, பத்து நிமிட நடையை இருபது ஆக்கியது, இருபதை நாற்பது ஆக்கியது. காட்டுகிற எண்ணுக்குக் கட்டுப்பட்டே பழகிய மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். நான்காவது வாரத்தில் எடைமேடை அறையின் நாலு படியை ஏற அவருக்குக் கைப்பிடி தேவைப்பட்டது. ஐந்தாவது வாரத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் நின்றார். மேலாளர் அதைப் பார்த்தார். வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்து, மறுநாளிலிருந்து இவர் மேலாளர் வருவதற்கு முன்பே படியேறி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் வேறு கூத்து. அவர் போடும் எண் மனைவியின் போனுக்கும் போகும்படி மருத்துவமனையில் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருப்பவள். வலி என்றால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவது என்றுதான் அவளுக்குத் தெரியும், நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறாள். கத்தாத மனிதர், எண்ணும் இரண்டு. அவள் நிம்மதியாக நம்பினாள். பதினோரு வருடமாகத் தானே இரண்டு மாடி தூக்கிக்கொண்டிருந்த தண்ணீர் கேனை மூன்றாவது வாரத்திலிருந்து அவரிடம் விட்டாள். ரெண்டுக்கு என்ன இவ்வளவு அலட்டல் என்று ஒரு நாள் கேலியும் செய்தாள். அவர் சிரித்துவிட்டுத் தூக்கினார்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை காலை நர்ஸ் வீடியோவில் வந்தார். சாப்பாட்டு மேசையருகே மனைவி போனைப் பிடித்துக்கொள்ள, தராசு நின்றபடியே பேசினார். உட்காருங்கள் என்றதற்கு, இருக்கட்டும் என்றார். நர்ஸ் குனிந்து எதையோ பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்க கோப்ப மூடலாம்னுதான் சார் கூப்பிட்டேன். ஆனா ஒண்ணு இடிக்குது. நீங்க ராத்திரியில மூணு மணி நேரம்கூட தூங்கலன்னு உங்க போன் சொல்லுது. ரெண்டு வலிக்கு யாரும் இப்படி முழிச்சிருக்க மாட்டாங்க. அந்த ரெண்ட எப்படி சார் போடுறீங்க?"

தராசுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் போட்ட எடையை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. சண்டைக்கு வந்த ஒரே ஒரு வியாபாரியும் வேறு மேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார். ஆனாலும் புது ஓட்டுநருக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினார்.

"எப்பவும் உள்ளத கழிச்சிட்டுதானே சிஸ்டர் போடணும்? வண்டியையும் சேர்த்துப் போட்டா அது கள்ள எடை."

வண்டியா என்று நர்ஸ் கேட்டார். தன் வேலையைப் பற்றி இவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். நர்ஸ் சிரிக்கவில்லை.

"சரி சார். வெறும் வண்டி எவ்வளவு?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஆறு."

நர்ஸின் திரையில் இப்போது விட்டம்தான் தெரிந்திருக்கும். போனைப் பிடித்திருந்த மனைவியின் கை அப்படிச் சாய்ந்துவிட்டது. அப்போ ஆறும் ரெண்டும் எட்டு, என்று நர்ஸ் அந்தப் பக்கம் மெதுவாகச் சொல்வது மட்டும் கேட்டது. அடுத்து மளமளவென்று காரியங்கள் நடந்தன. கோப்பு மூடப்படவில்லை. நாற்பது நிமிட நடை அன்றோடு நின்றது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைத்தது. வேலையைக் குறைக்கச் சொல்லிக் கிடங்குக்குக் கொடுக்க ஒரு கடிதமும் தருவதாக நர்ஸ் சொன்னார். எப்போதும் இருக்கும் வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று செயலியின் கேள்வியில் எழுதச் சொல்லப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மனைவி அன்று பகல் முழுக்க அவரோடு பேசவில்லை. கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். கோபமும்தான், ஆனால் அதில் முக்கால்வாசி அவளுக்குத் தன்மேல்தான். தண்ணீர் கேன் வந்தபோது அவர் பழக்கத்தில் வாசலுக்கு நகர, அவள் முந்திக்கொண்டு இறங்கினாள். கேனைக் கொண்டுவந்து வைத்தவள் அதன்மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

மாலை, செயலி கூப்பிடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால், அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பதினோரு வருஷமா ஏங்க என்கிட்ட சொல்லல?"

"என்னத்த சொல்றது? தினமும் இருக்கிறதுதானே. நீ எப்படி இருக்குன்னு கேப்ப. நான் கழிச்சிட்டு சொல்லுவேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'டிங்' என்றது. அவர் போனை எடுக்கப் போனார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அதுகிட்ட அப்புறம் சொல்லலாம். முதல்ல எனக்குச் சொல்லுங்க. கழிக்காம சொல்லுங்க."

எத்தனையோ ஆயிரம் எடையைக் குரல் பிசகாமல் சொன்னவர், இந்த ஒன்றைச் சொல்ல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டு" என்றார். "இன்னைக்கு எட்டரைகூட இருக்கும்."

அவள் சரி என்றாள். எழுந்து போய்த் தலையணை ஒன்றை எடுத்துவந்து அவர் இடுப்புக்குப் பின்னால் வைத்தாள்.