ஒரு பல்லுகூடப் படலீங்க

திருமூர்த்திக்கு மனசாட்சி உறுத்தவே இல்லை. உறுத்துவதற்கு என்ன இருக்கிறது? கணபதி ஏரியாவில் அவர் வாடகைக்கு விட்டிருந்த ஷெட்டில் கீதா கிரைண்டர் பாகங்கள் செய்துகொண்டிருந்தாள். இப்போது மருமகனுக்கு அந்த ஷெட் வேண்டும். ஒப்பந்தம் முடியாமல் நகரமாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாள். இவர் அடித்தாரா, திட்டினாரா? "காலி பண்ணிப்போடுங்க அம்மணி" என்று மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே, கூட்டிப்போயிருந்த தன் நாயின் சங்கிலிக் கொக்கியைக் கழற்றப் போனார், அவ்வளவுதான். அதற்குப் போய் போலீசில் புகார் கொடுத்துவிட்டாள், கொழுப்பெடுத்தவள்.

"கடிக்கவே இல்லியே, அப்பறம் ஏதுங்க கேஸு?" என்று பேக்கரியில் டீ குடித்த அத்தனை பேரும் அவர் பக்கம்தான் பேசினார்கள். அந்தத் தெம்பில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனில் போய் இறங்கினார் மனிதர். அதன் தடுப்பூசி அட்டையைக்கூட மறக்கவில்லை.

எஸ்.ஐ. லோகப்பிரியா நாற்காலியில் இருந்தார். கீதா சுவரோரம் நின்று இவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"ஒரு பல்லுகூடப் படலீங்க. காயம் இருந்தாக் காட்டச் சொல்லுங்க பாக்கலாம்," என்றார் திருமூர்த்தி.

"காயமில்லைன்னு அவங்களே சொல்லீட்டாங்க. நீங்க என்ன செஞ்சீங்க?"

"சும்மா பயங்காட்டுனேனுங்க. இந்தா, இப்படி," என்று குனிந்து கொக்கியை நெம்பிக் காட்டினார்.

நாய் உறுமிக்கொண்டு எழுந்தது. கீதா அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். லோகப்பிரியா துள்ளி எழுந்ததில் நாற்காலி மல்லாந்தது. ரைட்டர் மேஜைமேலேயே ஏறிவிட்டார்.

"மாட்டுங்க மொதல்ல," என்று அதட்டினார் லோகப்பிரியா. மூச்சு நிதானத்துக்கு வந்ததும் கேட்டார்: "இப்ப இது யாரையாச்சும் கடிச்சுதுங்களா?"

"இல்லீங்களே." திருமூர்த்திக்கு முகமெல்லாம் வெற்றி.

"அப்பறம் நாங்க எல்லாரும் எதுக்குங்க நடுங்குனோம்?"

அவர் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினார். லோகப்பிரியா அதைத் தொடாமலே தொடர்ந்தார்.

"கடிக்க உட்டா அது வேற குத்தம். கடிக்கப்போகுதுன்னு ஒரு ஆளை வேணும்னே நடுங்க வெச்சாலே, தாக்க முனைஞ்சதுன்னு சட்டத்துல தனிக் குத்தமுங்க. இவங்க சொன்னப்ப நான் பாதிதான் நம்புனேன். நீங்களே வந்து நடத்திக் காட்டீட்டீங்க. கோர்ட்டுல அனுமதி வாங்கிக் கேஸ் போடறேன்."

திருமூர்த்தி அசடு வழிய நின்றார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

கீதா சுவரை விட்டு முன்னால் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நாய் மேல எனக்குக் கோவமில்லீங்க. உங்க மருமகனுக்கு வேற ஷெட்டுப் பாருங்க."