டாக்டர் சொல்லாத ஒரு வாக்கியம்

ரிவர்சைடில் இரண்டாண்டுக் கல்லூரியை முடித்துவிட்டு, பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு சேர இடம் வாங்கிவிட்டாள் டெல்ஃபின். ஒரே ஒரு முட்டுக்கட்டைதான் பாக்கி. வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள் ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி தெரியும் என்று காட்ட வேண்டும். ஜூலை பதினைந்துக்குள் காட்டாவிட்டால் இடம் ரத்து. ஸ்பானிஷ் வகுப்பில் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் பாதியில் ஓடி வந்தவள் அவள். வேலையும் படிப்புமாக அல்லாடுகிறவளிடம் வினைச்சொல் அட்டவணையை நீட்டினால் வேறென்ன செய்வாள்?

கடைசியில் கல்லூரி ஆலோசகர் ப்ரூயிட் ஒரு பட்டியலைத் திருப்பிக் காட்டினார். பிரெஞ்சு, ஜப்பானியம், அரபு. அவற்றுக்கு நடுவே, அதே அளவு எழுத்தில், அமெரிக்கச் சைகை மொழி. டெல்ஃபினின் அப்பா வால்ட்டுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இறந்துபோன அம்மாவுக்கும் அப்படித்தான். உப்பு எங்கே, குப்பையை வெளியே வை என்று சமையலறையில் கையாட்டிப் பேசிய பேச்சு, ஜாம் ஜாமென்று அரபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"இதுவும் கணக்குல வருமா, மிஸ்டர் ப்ரூயிட்?"

"வரும். ஆனா நேர்ல போய்ப் பேசிக் காட்டணும். ஒரே வாய்ப்புதான்."

தேர்வு நாளில் அவளைச் சோதித்த இங்க்ரிட் ஹாலோரனும் காது கேளாதவர். பதற்றம் தணியட்டும் என்றோ என்னவோ, அன்று காலை பேருந்தில் வந்த கதையை முதலில் கைகளால் சொன்னார். தெருமுனைத் திருப்பத்தில் வண்டி சாய்ந்தது, மடியிலிருந்த காபி சரிந்தது, ஓட்டுநர் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. மூன்றும் ஒரே நொடியில் இரண்டு கைகளிலும் ஒரு புருவத்திலும் நடந்தன. டெல்ஃபினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் இந்த மொழியில் வெண்ணெய் கேட்டதைத் தவிர வேறு என்ன செய்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"உங்க வீட்டுல ரொம்பக் கஷ்டமான நாள் எது?" என்று அந்தக் கைகள் கேட்டன.

டெல்ஃபின் கணீரென்று அதே கேள்வியைப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். ஆறு வயதிலிருந்து வங்கியிலும் வாடகை அலுவலகத்திலும் அப்பாவுக்கு வாயாக இருந்தவள். எதிரே கை அசைந்தால் அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அவள் உதடு அசைவதைப் பார்த்த ஹாலோரன் எழுந்து, அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா மொழிபெயர்க்கிற? இங்க நாம ரெண்டு பேர்தான். உன்னோடத சொல்லு."

தன்னுடையது என்று இந்த மொழியில் என்ன இருக்கிறது? தேர்வு போயிற்று என்றே நினைத்தாள். அப்போது கைகள் தாமாகவே எழுந்தன. பதினோரு வயது. மருத்துவமனையில் வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அம்மாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் என்று டாக்டர் சொன்னதை அவளே அப்பாவுக்குச் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. அம்மாவுக்கு வலிக்காது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டாள். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அப்பாவை ஏமாற்றிவிட்டோமே என்று பத்து வருடமாக மனசு அரித்துக்கொண்டிருந்ததையும் சொல்லி முடித்தாள். இவ்வளவையும் தன் விரல்கள் தாங்கின என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

ஹாலோரன் தேர்ச்சி என்று குறித்து, கையெழுத்துப் போட்டு, படிவத்தை அவளிடம் கொடுத்தார்.

வீட்டு வாசலில் நின்று, அப்பாவைக் கூப்பிட விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டாள். அடுப்படியிலிருந்த வால்ட் திரும்பினார். படிவத்தைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. தேர்வில் என்ன சொன்னாய் என்று கேட்டார். மறைக்க மனம் வராமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்தார். பேச இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"டாக்டர் அறைய விட்டு வெளிய போயிட்டார். அதுக்கப்புறமும் உன் கை நிக்கல. கடைசியாச் சொன்னது உன்னோடதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அத வெச்சுத்தான் அந்த ரெண்டு நாளத் தள்ளினேன்."

டெல்ஃபின் படிவத்தை எங்கே வைத்தோம் என்பதையும் மறந்து, அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.