மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் கார்

என் கணவர் புகழேந்தியிடம் கார் கிடையாது. ஆனால் கார் ஷெட் உண்டு. அதை ஷெட் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், கராஜ் என்று சொல்ல வேண்டும். சிவகாசியில் நாங்கள் வீடு கட்டியபோது அடுப்படியைக் குறுக்கி அந்தக் கராஜைப் பெரிதாக்கினார். சுவரில் பலகை அடித்து ஸ்பேனர்களைச் சின்னது பெரியதாக வரிசைப்படுத்தி மாட்டினார். அதில் ஒன்றையாவது கழற்றி அவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கராஜுக்கு என்ன நிற பல்பு போடுவது என்று ஒரு மாதம் ஆராய்ச்சி நடந்தது. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், இவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சத்தின் நிறத்துக்குக் கலர் டெம்பரேச்சர் என்று ஒரு கணக்காம், அது மூவாயிரம் கெல்வினா, நாலாயிரமா, ஆறாயிரத்து ஐந்நூறா என்று என் மாமியாரிடம்கூட அபிப்பிராயம் கேட்டார். கடைசியில் பல்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நாகூர் கனி, மஞ்சளா வெள்ளையா என்று ஒரே கேள்விதான் கேட்டார். இவர் நின்ற இடத்திலேயே பாடம் நடத்தினார். கனி அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மஞ்சளா வெள்ளையா என்று மறுபடியும் கேட்டார்.

வேலை செய்கிற இடத்துக்குப் பகல் மாதிரி வெளிச்சம் வேண்டும், வெள்ளையே போடுங்கள் என்று நான் சொன்னேன். வெள்ளை போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், மஞ்சளில்தான் ஒரு ஃபீல் இருக்கிறது என்றார் இவர். வீடியோவில் எவனோ ஒரு குளிர்தேசத்துக்காரன் கராஜுக்குள் சோபா போட்டு உட்கார்ந்து காபி குடித்தானாம், அங்கே மஞ்சள்தான் எரிந்ததாம். நம் ஊர் வெக்கையில் ஷெட்டுக்குள் எவன் சோபாவில் உட்காருவான் என்று கேட்டேன். அத்தனை பல்பும் மஞ்சளாகவே மாட்டினார்.

நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. என் அப்பா கருப்பணன் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். மிஷினில் முதல் தாள்கள் வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நிறம் சரிதானா என்று ஒருவர் பார்த்துத் தாளின் மூலையில் ‘கலர் ஓகே’ என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு ஆர்டர் முழுவதும் ஓடிவிடும். தப்பாகப் போட்டால் அத்தனையும் குப்பைதான். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அந்தத் தாளை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்து, சிவப்பு கூட, மஞ்சள் குறைய என்று சொன்னது நான்தான். கையெழுத்தை மட்டும் அவர் போடுவார்.

பிரஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற அந்தக் கலர் மேஜை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். புது வீட்டுக்குக் குடிவந்த மறுமாதம், மாப்பிள்ளை இன்ஜினீயர், வருகிற சீசனிலிருந்து அவரே கலர் பார்க்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்த காபியை வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார். என் கணவர் மெக்கானிக்கல் படித்துவிட்டு இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். ரோஸுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்பார்.

சீசன் தொடங்குமுன் புது மிஷின் பார்க்க அப்பா ஐதராபாத் போனார். அப்போதுதான் வாங்கியிருந்த வெள்ளைக் காரை வெயிலில் விட மனசில்லாமல் எங்கள் ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனார். எடுத்து ஓட்டலாம் என்று சொல்லவில்லை. ஓட்டக்கூடாது என்றும் சொல்லவில்லை என்பது என் கணவரின் வாதம். வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குக் காரில் கிளம்பினோம். கோயில் பக்கம் கூட்டத்தில் பின்னால் எடுக்கும்போது நிறுத்துங்கள் என்று கத்தினேன். பின்னால் ஏதாவது இருந்தால் கார் தானே சத்தம் கொடுக்கும், நீ வாயை மூடு என்றார். கார் சத்தம் கொடுத்தது. பந்தல் கம்பியில் பின்கதவு உரசியபோது வந்த சத்தம் அது.

மாமாவுக்குத் தெரிந்தால் கலர் மேஜை போய்விடும் என்று அன்றைக்கு அவருக்கு வேர்த்து ஊற்றியது. டிங்கரிங் கடையிலிருந்து ஆசிக் என்ற பெயின்டரைக் கூட்டிவந்தார். பட்டி போட்டுத் தேய்த்துவிட்டு ஆசிக் வெள்ளை பெயின்டில் சொட்டுச் சொட்டாக மற்ற நிறங்களைக் கலந்தான். வண்டியை ஒருமுறை வெளியே தள்ளிப் பார்த்துக்கொள்வோம் என்றான். அவர் பதறிப்போய் ஷட்டரை இன்னும் கீழே இறக்கினார். எதிர்வீட்டுச் செல்லக்கனி அக்கா அப்பாவின் பிரஸில்தான் லேபிள் எண்ணி அடுக்குகிறாள். அவள் கண்ணில் பட்டால் ஊருக்கே செய்தி போய்விடும்.

இந்த வெளிச்சத்தில் மஞ்சள் கூடினாலும் தெரியாது, கொஞ்சமாவது வெளியே காட்டுங்கள் என்று நான் சொன்னேன்.

“கலர் டெம்பரேச்சர் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? நீ போயி டீ போடு” என்றார்.

போய் டீ போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, பேசக்கூடாது என்றே முடிவு செய்துகொண்டேன். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். எங்கே உரசியது என்று அவர்களுக்கே தெரியவில்லையாம். அந்தச் சந்தோஷத்தில் காரோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா ஊரிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் எல்லா விளக்கையும் போட்டு மாமனாரைக் கராஜுக்குள் அழைத்துப்போனார். அப்பா காரைச் சுற்றி வந்து, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது மாப்பிள்ளை என்று பாராட்டினார். புரை விழுந்த கண்ணும் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் உலகத்தில் குறையே இருக்காது. திங்கட்கிழமை பிரஸுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

கார் தெருவுக்கு வந்தது. உச்சி வெயில். செல்லக்கனி அக்கா வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள்.

“அண்ணாச்சி, கார் ஏன் இப்பிடி இருக்கு? பின்கதவுல மட்டும் மஞ்சத்தண்ணி ஊத்துனாப்புல?”

அப்பா இறங்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். வெள்ளை வேட்டியில் மோர்க்குழம்பு சிந்திய மாதிரி கதவில் ஒரு திட்டு. கார் உரசிய கதையை என் கணவர் திக்கித் திக்கிச் சொன்னார். அப்பா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“உரசுனது இருக்கட்டும் மாப்ளே. இதுக்குக் கலர் ஓகே பண்ணுனது யாரு?”

என் கணவர் ஆசிக்கைக் கைகாட்டப் பார்த்தார், ஆசிக் அங்கே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை, நன்றாகவே சிரித்தேன்.

இத்தோடு மேஜை என் பக்கம் வந்துவிடும் என்று நம்பிய என்னைத்தான் அடுத்து நான் செருப்பால் அடிக்க வேண்டும். சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“நீ பக்கத்துல நின்னு பாத்துச் சொல்லு. கையெழுத்த மாப்ளை போடட்டும். பொம்பளப்புள்ள கையெழுத்தப் பாத்தா கம்பெனிக்காரக என்ன நெனப்பாக?”

“கண்ணு என்னோடது, கையெழுத்து அவுகளோடதாப்பா? நான் நிக்க மாட்டேன்.”

அப்பா எழுந்து போய்விட்டார். நான் கோபம் ஆறி இறங்கி வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். ஒரு வாரம் நான் பிரஸ் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. என் கணவர் தினமும் போனார். ஏற்கெனவே கலர் ஓகே ஆன பழைய ஆர்டர்கள்தான் ஓடின, அதனால் பிழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அவசரமாகப் புது ஆர்டர் ஒன்று மிஷினில் ஏறியது. அச்சங்குளத்துக் கம்பெனியின் மத்தாப்பூப் பெட்டி, லேபிள் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும். அப்பா மையைக் கூட்டியும் குறைத்தும் அடித்த இரண்டு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். அன்றைக்கு லீவு என்று வீட்டில் இருந்த என் கணவர், கராஜில் நல்ல வெளிச்சம் இருக்கிறது மாமா, அங்கே வைத்துப் பார்ப்போம் என்று அழைத்துப்போனார். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே இரண்டு பேரும் தாளை விரித்துவைத்துக் குனிந்து நின்றார்கள். இவர் இடதுபக்கத் தாள் என்றார். அப்பா வலதுபக்கம் என்றார். பிறகு அப்பா இடதுபக்கம் என்றார், இவர் வலதுபக்கம் என்றார். அதற்குள் பிரஸிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. மிஷின் சும்மா நிற்கிறது, சாயங்காலத்துக்குள் லோடு ஏற வேண்டும் என்று அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. நான் ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டேன்.

“கீர்த்திகா, இங்கன கொஞ்சம் வாம்மா” என்றார் அப்பா.

“நீங்க வெளிய வாங்கப்பா. தாளையும் கொண்டாங்க, பேனாவையும் கொண்டாங்க.”

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அண்ணாந்து பல்பைப் பார்த்தார். மூன்றாவது தடவையாகப் போன் அடித்தது.

தாளோடு அப்பா வெயிலுக்கு வந்தார். நான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினேன். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.